கூண்டு ஏற்றிய பிறகு



2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. புயல் வருமுன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஊருக்குள் ஒலிபெருக்கி அலறுகிறது. பார்வையற்ற பெண் கூண்டைக் காணாள். செவித்திறனற்றவள் ஒலிபெருக்கியைக் கேளாள். நடக்கவியலாதவளைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். அயல் ஆடவர் தூக்கினால் அவள் கூசுவாள். புகலிடம் சேர்ந்தாலோ, கழிப்பறைக்குப் படியேற வேண்டும். உள்ளே தாழ்ப்பாள் இருக்குமோ, இராதோ! அதற்கஞ்சியே தண்ணீர் குடியாதிருப்பாள். அல்லது, “நான் இங்கேயே கிடக்கிறேன், நீங்கள் போங்கள்” என்பாள். அதைத் தியாகம் என்று பாடிவிடாதீர்கள், கவிஞர்களே. போகும் வழியை நம் திட்டம் அவளுக்குத் தரவில்லை என்றே எழுதுங்கள்.

மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிந்து வைக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 8ஆம் பிரிவு. பதிவேட்டில் பெயர் மட்டும் போதுமா? யார் துணை, எந்த மருந்து, எவ்வழி செல்வது என்பதை அவளல்லவா சொல்ல வேண்டும்? கிராமக் கூட்டத்தில் அவளை அமர்த்திக் கேளுங்கள். சாய்தளம் எங்கே வேண்டுமென்று பொறியாளருக்கு முன்பே சொல்லிவிடுவாள்.

நம் வட்டத்தால் இயன்றது சிறிதே. எச்சரிக்கை வாசகங்களை எளிய தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு ஆக்கித் தரலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை முடித்துவிட வேண்டுகிறேன்.