மறுபடியும் மறுபடியும் கேட்கும் பிள்ளை
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மருத்துவமனை என்றவுடன் காயமும் காய்ச்சலும் அறுவை சிகிச்சையும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று வெளியே தெரியாத ஒரு வேதனையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிறு பிள்ளைகளின் மனதைப் பிடித்துக்கொள்ளும் பயமே அது. எங்களிடம் வந்த பல குடும்பங்களின் அனுபவத்தை ஒரே பிள்ளையின் கதையாகச் சேர்த்துச் சொல்லுகிறோம். எந்த வீடு என்று அடையாளம் தெரியக் கூடாது அல்லவா?

ஏழு வயதுச் சிறுமி. படுக்கப் போகுமுன் பரமண்டல ஜெபம் சொல்லுகிறாள். ஒரு வார்த்தை தடுமாறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறாள். சரியாகச் சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள் என்று உள்ளே ஓர் எண்ணம். பிறகு கேள்விகள் ஆரம்பிக்கும். "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? இயேசப்பா என்மேல கோபமா இருக்காரா?" "இல்லடா கண்ணு, தூங்கு" என்கிறாள் தாய். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி. மணி பதினொன்றாகிறது. பாட்டியோ, "இந்த வயசுலயே எவ்வளவு பக்தி!" என்று சபையில் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

பக்தி மனதுக்குச் சமாதானம் தரும். இந்த ஜெபமோ பிள்ளையை அழவைக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. மூன்று வயதுக் குழந்தை அதே தட்டு, அதே கதை, அதே தலையணை என்று கேட்பது இயல்பு. அதற்கு நோய் என்று பெயர் சூட்ட அவசரப்படக் கூடாது. ஆனால் கை கழுவுவதோ, எண்ணுவதோ, சரிபார்ப்பதோ, கேட்டதையே கேட்பதோ ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அல்லது தூக்கத்தையும் சாப்பாட்டையும் பள்ளிக்கூடத்தையும் கெடுத்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். ஓ.சி.டி. என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். சில நாட்களுக்குள் திடீரென்று இப்படி மாறிய பிள்ளையைத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். தொண்டைப் புண் போன்ற நோய்த்தொற்றுக்குப் பிறகு இவ்வாறு தொடங்குவதும் உண்டு.

இந்தச் சுழல் எப்படி ஓடுகிறது? அழைக்காமலே ஓர் எண்ணம் வருகிறது. பயம் ஏறுகிறது. ஜெபத்தைத் திரும்பச் சொன்னால், அல்லது தாய் பதில் சொன்னால், பயம் சற்று இறங்குகிறது. "நான் இப்படிச் செய்ததால்தான் தப்பித்தோம்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்த முறை இன்னும் பலமாகக் கேட்கிறது. தாயின் அன்பான பதிலே பயத்துக்குத் தீனியாகிவிடுகிறது. தாயின்மேல் குற்றமில்லை. அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லாத தாய் உண்டா?

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியனை நீங்கள் அறிவீர்கள். 1666இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஓர் அனுபவத்தை அவர் சொல்லுகிறார். ஆலயமணி அடிப்பதை விட்டுவிட்ட பிறகும், மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். மணி தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். பெரிய உத்தரத்தின் கீழ் போய் நின்றார். சுவரில் மோதித் திரும்பி விழுந்தால்? கோபுர வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? கடைசியில் அங்கே நிற்கவே முடியாமல் ஓடினார். அவருக்கு இன்ன நோய் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. எவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தாலும் பயம் இன்னொரு படி கேட்கும் என்பதை அவர் அழகாகக் காட்டியிருக்கிறார்.

சிகிச்சை இந்த வழியைத் திருப்பிவிடுகிறது. மிகச் சிறிய பயத்திலிருந்து தொடங்கி, பிள்ளை அதைச் சந்திக்கிறது. வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் காத்திருக்கிறது. பயம் அலைபோல எழும்பி, தானாகவே தணிகிறது. பயத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கச் சொல்லுவோம். நம் சிறுமி வைத்த பெயர் 'மிரட்டி'. தாய் இப்போது வேறு விதமாகப் பதில் சொல்லப் பழகினாள்: "இது மிரட்டி கேக்குற கேள்வி. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. ஆனா உன் பக்கத்துலயே இருப்பேன்." முதல் வாரம் பத்துப் பதிலை ஐந்தாகக் குறைத்தாள், பின்பு இரண்டு, பின்பு கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். முதல் சில இரவுகள் அழுகை அதிகமானது. அப்போது பின்வாங்காமல் நிற்பதுதான் கடினம்.

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள 127 பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பெற்றோரையும் சேர்த்து 14 வாரங்கள் இப்படிப் பயிற்சி கொடுத்தபோது 72 சதவீதம் பிள்ளைகள் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 41 சதவீதமே தேறினார்கள். தேவையானால் மருந்தும் உண்டு. அதை மருத்துவர் தீர்மானிப்பார்.

பிரியமானவர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? "பேய் பிடித்திருக்கிறது", "விசுவாசம் போதாது", "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லாதிருப்போம். அடித்தால் பயம் போகாது. பிள்ளை அதை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், தப்பில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையைப் பாராட்டும்போதே, தடுமாறிய பிள்ளையையும் பாராட்டுங்கள். பாதியில் நின்ற ஜெபத்தையும் ஆண்டவர் கேட்கிறார் என்று ஒருமுறை சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் நூறுமுறை சொல்ல வேண்டாம்.

14 வாரம் என்றால் கூலி வேலை செய்யும் தாய்க்கு 14 நாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் போகும். பல குடும்பங்கள் நான்காம் வாரத்தில் நின்றுவிடுவது இதனால்தான். உங்கள் சபையில் அப்படி ஒரு தாய் இருந்தால் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளை அன்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணைச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம்.

நம் சிறுமிக்கு இன்றும் சில இரவுகளில் மிரட்டி வருவதுண்டு. ஜெபத்தில் வார்த்தை தடுமாறினால், "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறாள். அந்தத் தூக்கம் இன்னும் பல வீடுகளுக்குக் கிடைக்க, ஜெபத்தோடு உங்கள் கைகளையும் கொடுங்கள்.