ஓர் உருபின் விலை

பெட்ரோலிய ஆலைகளில் கனத்த எண்ணெயைப் பிளக்கும் வினையூக்கியின்மேல் கரி படிந்து, அதன் ஆற்றல் குன்றும். அக்கரியைக் காற்றில் எரித்து நீக்கினால் வினையூக்கி புத்துயிர் பெறும். இத்தகைய முறைக்குக் காப்புரிமை நாடுவோர், தம் உரிமையின் எல்லையைக் கோரிக்கை வாசகங்களாக எழுதுவர். அவ்வெல்லையை அறிய வேதியியலோடு இலக்கணமும் வேண்டும். '650 பாகையில் சூடாக்குதல்' எனின் உலையின் வெப்பத்தைக் குறிக்கலாம். '650 பாகைக்குச் சூடாக்குதல்' எனின் பொருளே அவ்வெப்பத்தை அடைதல் வேண்டும்.

இது வீண் சொல்லாராய்ச்சி அன்று. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்றில் 2004இல் மாப்பண்டம் சுடும் முறை பற்றிய வழக்கொன்று வந்தது. ஏறத்தாழ 400 முதல் 850 வரையான பாரன்ஹீட் வெப்பநிலைக்கு மாவைச் சூடாக்குதல் என்பது கோரிக்கை. மாவே அவ்வெப்பத்தை அடைந்தால் கரியாகிவிடும். அடுப்பின் வெப்பமே கருதப்பட்டது என உரிமையாளர் வாதிட்டனர். நீதிமன்றமோ எழுதியபடியே பொருள் கொண்டது. எதிர்த்தரப்பின் மாவு அவ்வெப்பத்தை எட்டாமையால் உரிமை மீறல் இல்லை என்றாயிற்று.

வேற்றுமை உருபுகளைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆய்வுக்கூடத்தில் அரும்பாடுபட்டுக் கண்டதை, ஏட்டில் ஓர் உருபு இழக்கச் செய்துவிடும். அறிவியல் பயில்வோரே, மொழியையும் கருத்தூன்றிப் பயிலுங்கள்.