செவித்திறன் ஆய்வுக் கல்வியும் நம் பிள்ளைகளும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், உயர்கல்வியைப் பற்றிச் சில சொல்லுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். இச்சங்கத்தின் இரவுப் பாடசாலையில் பாயில் அமர்ந்து படித்த நாம், அதே சங்கத்தின் மேடையில் நின்று பேசுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறோம்.

நம் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் ஆசிரியர், காவலர், செவிலியர், பொறியாளர், மருத்துவர் என்னும் விடைகளே பெரும்பாலும் வருகின்றன. இவை குறைந்த பணிகளல்ல. இவற்றால் நம் குடும்பங்கள் பல தலைநிமிர்ந்துள்ளன. ஆயினும் நம் பிள்ளைகள் பெயரைக்கூடக் கேள்விப்படாத படிப்புகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றே நாம் கற்ற கேட்பியல். ஆங்கிலத்தில் ஆடியாலஜி என்பர்.

கேட்பியலார் காது மருத்துவர் அல்லர். காதொலிக் கருவி விற்பவரும் அல்லர். ஒருவருக்கு எவ்வளவு கேட்கிறது, எந்தச் சுருதியில் குறைகிறது, குறை நடுச்செவியிலா, உட்செவியிலா, நரம்பிலா என்று அளந்தறிவது அவர் பணி. மருந்தும் அறுவையும் வேண்டுமாயின் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்புவார். கருவி வேண்டுமாயின் அதைத் தேர்ந்து, அந்தக் காதுக்கேற்பச் சீர்செய்து, கேட்கப் பழக்குவார். பச்சிளங்குழந்தை 'கேட்கிறது' என்று கை தூக்காது. அது உறங்கும்போதே உட்செவியின் எதிரொலியையும் நரம்பின் மின்னலைகளையும் பதிவு செய்து கண்டறியும் கருவிகள் இன்றுண்டு. பிறந்த ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதியான ஆய்வு, ஆறு மாதத்திற்குள் உதவி என்பதே இத்துறையார் வகுத்துள்ள நெறி. குழந்தை மொழியைக் கற்கும் பருவம் காத்திருக்காது என்பதே இதற்குக் காரணம்.

இப்படிப்பு நம் மக்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். நம்மோடு தொடக்கப் பள்ளியில் ஒரு சிறுவன் படித்தான். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான். 'மந்தம்' என்று பெயரிட்டார்கள், அடித்தார்கள். நாமும் சிரித்தோம். ஐந்தாம் வகுப்போடு அவன் செங்கற்சூளைக்குப் போய்விட்டான். பல ஆண்டுகள் கழித்து, நாம் பயிற்சி மாணவராக ஒரு முகாமில் செவிச்சோதனை செய்துகொண்டிருந்தபோது அவரே வந்து நம் எதிரில் அமர்ந்தார். இளமை முதல் இரு காதிலும் சீழ் வடிந்துகொண்டிருந்திருக்கிறது. வீட்டார் எண்ணெய் காய்ச்சி ஊற்றியதைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. இரு காதிலும் குறை 50 டெசிபெல் அளவு. அந்த அளவுக் குறையுடையவருக்கு அருகிலிருப்பவர் பேச்சே தெளிவாக விளங்காது. கடைசி வரிசையில் ஆசிரியரின் குரல் எப்படி எட்டியிருக்கும்? அவர் மந்தனாக இருந்ததில்லை. மருத்துவமும் முன்வரிசையில் ஓர் இடமும் உரிய காலத்தில் கிடைத்திருந்தால் நம்மோடு அவரும் படித்திருப்பார். அன்று சிரித்த சிரிப்புக்கு இன்றும் நாணுகிறோம்.

நம் மக்கள் செய்யும் தொழில்களையும் எண்ணிப் பாருங்கள். கல்குவாரி, நூற்பாலை, விசைத்தறி, இவையனைத்தும் இரைச்சலின் நடுவே செய்யும் வேலைகள். சாவிலும் திருவிழாவிலும் மணிக்கணக்கில் பறையடிக்கும் நம் கலைஞர்களின் காதுகளையும் நினைக்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு 85 டெசிபெல் என்பதே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. இரைச்சலால் வரும் கேடு முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்சுருதியையே தாக்குகிறது. ஆகவே உழைப்பவர் தமக்குக் கேட்கிறது என்றே எண்ணியிருப்பார்; சொற்கள் மட்டும் மங்கும். இழந்ததை மருந்தால் மீட்க இயலாது. முன்கூட்டிக் காக்கவே இயலும்.

இனிப் படிப்பைப் பற்றிக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரில் செவித்திறன் இழந்து திரும்பிய போர்வீரர்களின் மறுவாழ்வுப் பணியிலிருந்து அமெரிக்காவில் இத்துறை தனித்துறையாக வளர்ந்தது. நம் நாட்டில் 1965-இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இதன் முதன்மையான கல்விநிலையமாக விளங்குகிறது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உள்ளிட்ட நிலையங்களில் இப்படிப்பு உண்டு. பட்டத்தின் சுருக்கப் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி.; கேட்பியலும் பேச்சு-மொழி நோயியலும் இணைந்த நான்காண்டுப் படிப்பு. மூன்றாண்டு பாடமும் செய்முறையும், நான்காம் ஆண்டு முழுநேரப் பயிற்சிப் பணி. செவியின் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் ஆகியவற்றில் தொடங்கிச் செவிச்சோதனை, காதொலிக் கருவி, காக்ளியர் கருவி, திக்குவாய், பக்கவாதத்தால் இழந்த பேச்சு என்று பாடங்கள் விரியும். அதன்பின் கேட்பியலில் மட்டும் ஈராண்டு முதுநிலைப் பட்டமும் பெறலாம்.

இதற்கு வாயில் பதினோராம் வகுப்பிலேயே திறக்கிறது அல்லது அடைபடுகிறது. மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல் பாடங்களோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருத்தல் வேண்டும். கடினம் என்று அஞ்சி அறிவியல் பிரிவை விட்டுவிடும் பிள்ளை, தான் இழப்பது இன்னதென்று அறியாமலே இழக்கிறது. தமிழகத்தில் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வில் இதுவும் ஒன்றாக இருந்துவருகிறது. மைசூர் நிறுவனம் நாடளாவிய நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்த்து வந்துள்ளது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை. அவ்வவ்வாண்டின் அறிவிப்பைக் கண்டே விண்ணப்பிக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவை வேண்டுகிறது.  ஆகவே கட்டணம் செலுத்துமுன் அக்கல்லூரி ஏற்பு பெற்றதா என்று விசாரிக்காமல் இருத்தல் கூடாது.

பணத்திற்கு என் செய்வது என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. பட்டியல் வகுப்பினர்க்கு மத்திய நிறுவனங்களில் 15 விழுக்காடும், தமிழகத்தில் அருந்ததியர்க்கான 3 விழுக்காடு உள்ளிட்ட 18 விழுக்காடும் இடங்கள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944-இல், தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் உதவித்தொகை கைக்கு வருவதற்குள் விடுதிக் கட்டணத்தின் கெடு முடிந்துவிடுகிறது. நமக்கு அவ்வாறு நேர்ந்தபோது இச்சங்கம் கடனாகக் கொடுத்த சிறுதொகையே நம்மைப் படிப்பில் நிறுத்தியது. அந்தத் தொகை வராதிருந்தால் இன்று இந்த உரையும் இல்லை.

மற்றொரு தடையையும் மறைக்கலாகாது. ஒலியியல் வகுப்பில் நாம் 'வாளப்பளம்' என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. நம் நாக்கைக் குறையுடையதென்று நாமும் சில நாள் நம்பினோம். பின்பு அதே படிப்புத்தான் நமக்கு உண்மையைக் கற்பித்தது: ஒரு தெரு முழுதும் ஒருவாறு பேசினால் அது வழக்கு, அத்தெருவின் குழந்தைகளுள் ஒருவன் மட்டும் தன் வயதினர் போலப் பேச இயலாதிருந்தால் அதுவே குறை. இவ்வேறுபாட்டை அறியாத சோதனையாளர் சேரிக் குழந்தையின் வழக்கைக் குறை என்றும், குறையை 'இவர்கள் பேச்சே இப்படித்தான்' என்றும் எழுதிவிடுவார். இரண்டாலும் கெடுவது குழந்தையே.

பயிற்சிக் காலத்தில் ஒரு சிறுமியிடம் பியானோவின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். அவள் விழித்தாள், மதிப்பெண் குறைந்தது. நாம் அவளிடம் முறத்தையும் அம்மியையும் வரைந்து காட்டியபோது, கேட்ட சொல்லையெல்லாம் திரும்பச் சொன்னாள். நம் பிள்ளைகள் இத்துறைக்கு வரவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேலைவாய்ப்பு மட்டும் காரணமன்று. நம் தெருவின் பேச்சையும் நம் வீட்டின் பொருள்களையும் அறிந்தவர் அச்சோதனை அறையில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

வேலையைப் பற்றியும் உள்ளது உள்ளபடி சொல்வோம். மருத்துவமனைகளிலும், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையங்களிலும், சிறப்புப் பள்ளிகளிலும், காதொலிக் கருவி நிறுவனங்களிலும் பணியிடங்கள் உண்டு. அவற்றுள் ஒப்பந்தப் பணிகள் பல. தொடக்க ஊதியம் சிறிது. விற்பனை இலக்கு வைத்து நெருக்கும் இடங்களும் உண்டு. அங்கே மனச்சான்றைக் காத்துக்கொள்ள வேண்டும். காது கேளாதோர் தம் சைகை மொழியால் முழுவாழ்வு வாழ்கிறவர்கள். அவர்களைக் குறைப்பட்டவர்களாகக் கருதுபவர் இத்தொழிலுக்கு உரியவரல்லர். 70 டெசிபெல் குறை உள்ளதா, 60-க்குக் கீழா என்னும் அளவைப் பொறுத்தே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஒருவரின் உரிமை அமைகிறது. அந்த அளவை எடுக்கும் கை நேர்மையான கையாக இருத்தல் வேண்டும்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை செவிச்சோதனை நடத்த வேண்டும், அதற்கு நம் உழைப்பைக் கட்டணமின்றித் தருகிறோம். இரண்டு: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையிலேயே பெற்றோரை அழைத்து, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழி என்பதை விளக்க வேண்டும். மூன்று: உதவித்தொகை வந்துசேரும் வரை கட்டணத்தைத் தாங்கும் சுழல்நிதி ஒன்றை இவ்வெள்ளி விழாவின் நினைவாகத் தொடங்க வேண்டும். நாம் பெற்ற கடனை என்றோ திருப்பிவிட்டோம். அந்நிதிக்கு முதல் மாதச் சம்பளத்தின் அளவான தொகையை இம்மேடையிலேயே பொருளாளரிடம் அளிக்கிறோம்.

தாய்மார்களே, வீட்டிற்குச் சென்றதும், அழைத்தும் திரும்பாத பிள்ளை உங்களிடம் இருந்தால் அடிக்காதீர்கள். முதலில் அதன் காதைக் காட்டுங்கள்.