சிகரமும் சுமைதாங்கியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையும் காவியமும் பேசிவந்த இந்த அவையில், ஹாக்கி எனும் வளைகோல் பந்தாட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறீர்கள். இதற்குக் காரணம் நம் உறுப்பினர்களே. சென்ற கூட்டம் முடிந்து ஓசூர்த் தேநீர்க் கடையொன்றில் நின்றிருந்தோம். கம்பனா, இளங்கோவா என்று தொடங்கிய வழக்கு எப்படியோ திசைமாறி, தியான் சந்தா, தன்ராஜ் பிள்ளையா என்று வந்து நின்றது. அத்திப்பள்ளி தாண்டி வரும் நண்பர், குடும்பத்துக்கு ஓர் அணி என்று 1997 முதல் ஹாக்கித் திருவிழா நடத்தும் குடகு நாட்டின் பெருமையை எடுத்துரைத்தார். மற்றொருவர் பல்பீர் சிங்கை விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைக்காரர் விளக்கை அணைத்த பின்னும் வழக்குத் தீரவில்லை. அதன் தீர்ப்பைத்தான் இன்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள்.

முதலில் தியான் சந்த். படைவீரராக வாழ்வைத் தொடங்கியவர். 1928-இல் ஆம்ஸ்டர்டாம், 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1936-இல் பெர்லின் என மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற அணிகளில் ஆடியவர். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் அவர் அடித்தவை 14 கோல்கள். பெர்லினில் அவரே அணித்தலைவர். அங்கு நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் தோற்ற நம் அணி, இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்று வென்றது. அவருடைய தன்வரலாறான 'கோல்' 1952-இல் நம் சென்னையிலிருந்துதான் நூலாக வெளிவந்தது என்பது தமிழர்க்கு மகிழ்வு தரும் செய்தி. அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஆம் நாளை நாடே விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது.

அடுத்தவர் பல்பீர் சிங். விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் தறுவாயில், 1948-இல், நம்மை ஆண்டவர்களை அவர்கள் மண்ணிலேயே 4-0 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. 1952-இல் ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நம் அணி அடித்த ஆறில் ஐந்து அவருடையவை. 1956-இல் மெல்போர்னில் விரல் முறிந்த நிலையிலும் களமிறங்கி, தலைவராக நின்று தங்கம் வென்றார்.

எண்களைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லலாமே என்பீர்கள். எண்கள் அவ்வளவு நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. பெர்லின் இறுதியாட்டத்தில் தியான் சந்த் அடித்தவை மூன்றா, ஆறா என்பதிலேயே பதிவுகள் முரண்படுகின்றன. கனடாவில் பனித்தரை ஹாக்கி ரசிகர்களிடையேயும் இதே வழக்கு உண்டு. வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல்களை எவரும் எட்ட முடியாது என்றார்கள். 2025 ஏப்ரலில் ரஷ்ய வீரர் ஒவெச்கின் அதைக் கடந்தார். வழக்கு முடிந்ததா? இல்லை. தற்காப்பு வீரரான பாபி ஓர்தான் அனைவரினும் பெரியவர் என்போர் அங்கே இன்றும் பலர். கோல் எண்ணிக்கை பந்தை இறுதியாகத் தொட்டவரின் கணக்கு மட்டுமே; அதுவரை பந்தைக் கொண்டுவந்தவர்க்கு அதில் இடமில்லை.

களமும் மாறியது. தியான் சந்தும் பல்பீரும் ஆடியது புல்தரையில். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. நம் அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 1980-இல் மாஸ்கோவில் நம் சென்னை வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொணர்ந்தோம். அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021-இல் டோக்கியோவில் கிடைத்த வெண்கலந்தான். இடையில் 41 ஆண்டுகள் வறட்சி.

அந்த வறட்சியின் நடுவில் ஆடியவர் தன்ராஜ் பிள்ளை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 2000-இல் சிட்னியில் போலந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்த அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டு, அரையிறுதி வாய்ப்பை இழந்தது. 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசியத் தங்கம் வந்தது. அந்த வெற்றிக்குப் பின் அவரும் மூத்த வீரர் சிலரும் அணியிலிருந்து விலக்கப்பட்டதும் நாடறிந்த செய்தி. பின்னர் மீண்டு வந்து, 2004 வரை ஓடினார்.

நண்பர்களே, நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று நின்றிருக்கும். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கர் அதன்மீது சுமையை இறக்கி இளைப்பாறுவார். அதை யாரும் சிகரம் என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. அது இல்லாவிடில் சுமை ஊர் போய்ச் சேராது. தியான் சந்த் சிகரம். அதில் எனக்கு ஐயமில்லை. உச்சியை அளந்தால் முதலிடம் அவருக்கே. தாங்கிய பாரத்தை அளந்தால் தன்ராஜுக்கே என் வாக்கு. வெற்றி பெறும் அணியில் சிறந்து விளங்குவது ஒரு பெருமை. தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் பதினைந்தாண்டுக் காலம் தளராமல் ஓடி, அடுத்த தலைமுறைக்கு ஆட்டத்தின் மீதிருந்த ஆசையைக் காத்துக் கொடுப்பது வேறொரு பெருமை. அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை. சிற்றிதழும் சிறு வட்டமும் நடத்தி இளைத்த கவிஞர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தீர்ப்பில் ஊர்ப்பற்று கலந்திருப்பதாகச் சொன்னால் மறுக்க மாட்டேன். தன்ராஜ், தமிழ்ப் பெற்றோர்க்குப் புனேயை அடுத்த கட்கியில் பிறந்தவர். வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில், உடைந்த மட்டைகளை ஒட்டவைத்து ஆடி வளர்ந்தவர். பிழைப்புக்காக மொழி கடந்து சென்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. நம் சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தாம் வளர்கிறார்கள். பேசும் மொழி தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா. கோவில்பட்டியில் மைதானமும் பயிற்சியும் இருந்ததால், 2022 ஆசியக் கோப்பை அணியில் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என இரு தமிழ் இளைஞர்களைக் கண்டோம். இங்கே காலி மனைகள் ஒவ்வொன்றாகக் கட்டடங்களாகி வருகின்றன.

யார் பெரியவர் என்ற வழக்கு தீர வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை நாம் கூடிப் பேச அது இருக்கட்டும். அடுத்த பெரியவர் ஓடிப் பழக இந்த ஊரில் ஒரு திடல் மிச்சமிருக்குமா என்ற வழக்கைத்தான் நாம் விரைந்து தீர்க்க வேண்டும்.