ஊரடங்குக்கு முந்தைய நாள்



2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க? சென்னை, மதுரை, கோவைக்காரர்களுக்குக் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். 26-ஆம் தேதி காலை 6 மணி முதல் நான்கு நாட்கள் முழு ஊரடங்கு என்று அதற்கு முந்தைய நாள்தான் அறிவிப்பு வந்திருந்தது. விடிந்ததும் பையைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் கடைக்குக் கிளம்பிட்டோம். கோயம்பேடு சந்தையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் தவிர்க்கச் சொன்ன அறிவிப்பே கூட்டத்தைச் சேர்த்துவிட்டது.

நோய் பரவலைக் கணிக்கும் கணித மாதிரிகள் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1927-லேயே கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் இதற்கு அடித்தளம் போட்டார்கள். மக்களை மூன்று பிரிவாகப் பார்ப்பார்கள்: இனி தொற்று வரக்கூடியவர்கள், இப்போது தொற்று உள்ளவர்கள், அதிலிருந்து மீண்டவர்கள் அல்லது இறந்தவர்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரை நெருக்கமாகச் சந்திக்கிறார் என்பது இதில் முக்கியமான கணக்கு. ஊரடங்கு அந்த எண்ணைத்தான் குறைக்கப் பார்க்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. வழக்கமாக நீங்கள் தினமும் 10 பேரைச் சந்திக்கிறீர்கள். ஐந்து நாளில் 50 பேர். ஊரடங்கில் தினமும் 3 பேர்தான். நான்கு நாளில் 12. ஆனால் அதற்கு முந்தைய நாள் கடைவீதியில் 40 பேரை உரசிக்கொண்டு வந்தீர்கள். மொத்தம் 52! நான்கு நாள் வீட்டில் அடைந்து கிடந்தும் லாபம் இல்லை. இதே ஊரடங்கு 14 நாள் என்றால் 150-க்குப் பதில் 82. குறுகிய ஊரடங்கைத்தான் முந்தைய நாள் கூட்டம் அதிகம் கெடுக்கும். அறிவிப்பைக் கேட்டதும் மக்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சேர்க்காத கணக்கு, என்னைப் பொறுத்தவரை பாதிக் கணக்குதான்.

இன்னொரு விஷயம். நடமாடும் காய்கறிக் கடைகளுக்கு அனுமதி உண்டு என்று அந்த 2020 அறிவிப்பிலேயே இருந்தது. நம் காதில் விழுந்தது ‘முழு ஊரடங்கு’ மட்டும்தான். (வாட்ஸ்அப்பில் சுற்றியதும் அது மட்டும்தானே!)

கோயம்பேடு சந்தை மே 5-ஆம் தேதி மூடப்பட்டு, வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலும் தொற்று பரவியது. அந்த ஒரு சனிக்கிழமைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எந்த நாளும் நெரிசலான இடம் அது.

2021 மே 24-இல் மறுபடி தளர்வில்லாத ஊரடங்கு வந்தது. இந்த முறை அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருந்தன, பேருந்துகளும் ஓடின. காய்கறி வண்டிகளை அரசே தெருவுக்கு அனுப்பியது. கூட்டம் அப்போதும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் வாங்கியே ஆகணும் என்ற கட்டாயம் குறைந்தது.

மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்பதைப் பார்க்க அப்போது கூகுள் அறிக்கை வெளியிட்டது. பெயர் இல்லாமல், மொத்தமாகத் திரட்டப்பட்ட செல்போன் இருப்பிடத் தகவல்கள் அவை. நம்மைப் போல ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில், இருப்பிடப் பதிவை இயக்கி வைத்திருந்தவர்கள் அதில் இருந்தோம். சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி, கையில் பட்டன் போன் வைத்திருந்தால், அந்த வரைபடத்திலேயே இல்லை. அன்றைய கூலியில் அன்றைய அரிசி வாங்கும் குடும்பம் நான்கு நாளுக்கு எப்படி வாங்கி வைக்கும்? அவர்களைக் கணக்கில் தனிப் பிரிவாகச் சேர்த்தால்தான் விடை சரியாக வரும். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் தந்தபோது, எந்த நாள், எந்த நேரம் ரேஷன் கடைக்கு வரணும் என்று எழுதிய டோக்கன் முன்னதாகவே வீட்டுக்கு வந்தது, நினைவிருக்கா? சமூக இடைவெளிக்கான ஏற்பாடுகளில் அந்தத் துண்டுச் சீட்டும் ஒன்று.