"டென்ஷனா இருக்கு" என்று பிள்ளை சொன்னால்



உத்திரமேரூர் பக்கம் பங்குனி பிறந்தால் இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஏரிப் பாசன வயல்களில் நவரை நெல் அறுப்பை நெருங்கும். வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் பொதுத்தேர்வும் வந்து நிற்கும். அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைக்கவேண்டும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல் இருக்கவேண்டும். பெரியவர்களுக்கு உட்கார நேரமிருக்காது. அப்பா ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்டு வேலை பார்ப்பவர் என்றால், பிள்ளை தூங்கிய பிறகுதான் பல நாள் வீடு திரும்புவார். சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பிள்ளையிடம் கேட்க நேரம் கிடைக்கிற கேள்வி ஒன்றுதான்: "படிச்சியா?" அதற்குப் பிள்ளை சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "டென்ஷனா இருக்கு." பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்த இடத்தில் பேச்சு முடியக்கூடாது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

டென்ஷன் என்று பிள்ளை சொல்வதற்குள் பல சங்கதிகள் இருக்கும். இயற்பியல் கணக்கு வரவில்லை என்ற பயம் இருக்கலாம். சித்தப்பா மகனின் மார்க்கைச் சொல்லி நாலு பேர் முன்னால் பேசியதால் வந்த அவமானம் இருக்கலாம். செல்போனைப் பிடுங்கிக்கொண்டதால் கோபம், கூடப் படிக்கிறவள் பேச்சை நிறுத்திவிட்டதால் துக்கம். பயத்துக்குத் தேவை பாடம் சொல்லித்தர ஓர் ஆள். அவமானத்துக்கு எத்தனை டியூஷன் வைத்தும் பயனில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொல்கிறது. அச்சத்தையும், வெகுளி என்கிற கோபத்தையும், இளிவரல் என்கிற அவமானத்தையும் அது ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை.

2007-இல் அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோபமும் பயமும் தெரிகிற முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொல்லும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. ஆபத்து என்று முதலில் மணியடிப்பது அந்தப் பகுதிதான். "பொறு, யோசி" என்று தடுக்கிற மூளையின் முன்பகுதியோ இருபது வயதுக்குப் பிறகும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பதினாறு வயதில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒன்று. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்களைக் கவனித்தார்கள். அதிகமாகப் பயப்படுகிற மாணவர்கள், எழுதிய பிறகு தேர்வை நன்றாகச் செய்தார்கள். பழைய ரஃப் நோட்டு ஒன்று போதும். "எனக்கு என்ன பயம், யார் மேல் கோபம்" என்று உள்ளபடி எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்கவேண்டாம். எழுதியதைக் கிழித்தும் போடலாம். தேர்வு அறையில் நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாகச் செய்யுங்கள். ஏழெட்டு மூச்சில் துடிப்பு இறங்குவது உங்களுக்கே தெரியும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். எட்டு மணிக்கே ஊர் அடங்கிய காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். வளரும் பருவத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது இயல்பாகவே இரவில் தள்ளிப்போகிறது. பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு உலுக்கினால் நாலரை மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் சின்னச் சொல்லுக்கும் அழுகை வரும், எரிச்சல் வரும். இந்த வழக்கத்தை நாம் கைவிடத்தான் வேண்டும்.

மார்க்குக்கு வருவோம். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. நல்ல முடிவு. அதே முடிவை ஒவ்வொரு வீடும் எடுக்கலாம். முப்பத்தைந்து மார்க் வராமல் போனால் ஒரு வருடம் வீணாகும் என்ற பயமும் இப்போது தேவையில்லை. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியிலும் சேரலாம். இந்த ஏற்பாட்டுக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். சென்னையில் 1986-இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். ஒரு தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் உள்ள நாட்களைக் குறைத்தாலே எத்தனையோ பிள்ளைகளுக்குத் தெம்பு வரும்.

பெற்றோர்களே, பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், நண்பர்களோடு சேராமல், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொன்னால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஆளிருக்கிறது என்பதே பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். பதிலைக் கேட்டபின் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள், அல்லது உடனே போன் செய்யுங்கள்.

பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். படிப்பு, தேர்வு, பள்ளி பற்றிய சந்தேகங்களுக்கு 14417. வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்தினால் பிள்ளைகளே நேரடியாக அழைக்க 1098. எழுதாதவர்களுக்காக இன்னொரு முறை: 14416, 14417, 1098. எழுதிய தாளைப் பிள்ளையின் கண்ணில் படுகிற இடத்தில், காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.