புலியை வாங்கினால் போதுமா?



வேலை முடிந்து, குளித்துப் பசியாறி, சற்றே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் உங்களோடு சில நிமிடங்கள் பேச வந்திருக்கிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு போர் விமானம். "தோட்டத்து மக்களுக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம், சார்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. முழுவதையும் கேட்ட பிறகு நீங்களே அதை ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வளர்ந்தது வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1980-களின் இறுதியில் நான் சிறு பையன். விடுமுறை நாட்களில் அம்மாவோடு பால் எடுக்கப் போவேன். திடீரென்று இடி இடித்தாற்போல் ஒரு சத்தம் மரங்களின் தலைக்குமேல் பாயும். வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். சத்தம் நம்மிடம் வருவதற்குள் விமானம் எங்கோ போயிருக்கும். பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் எங்கள் தோட்டத்துக்குத் தொலைவில் இல்லை. அங்கிருந்து அந்த நாளில் பறந்தவற்றுள் ஒன்றுதான் எஃப்-5 என்னும் போர் விமானம். ஊசி போன்ற மூக்கு, குட்டையான இறக்கை, மெலிந்த உடல். அதன் பிற்கால வகைக்கு 'டைகர்', அதாவது புலி என்று பெயர். நம் நாட்டு விமானப்படைக்கு 1975-ஆம் ஆண்டில் அது வந்தது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானம் நம் படைக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

சென்ற ஆண்டு என் வகுப்பில் உலகப் படத்தை மாட்டி, இந்த ஒரே விமானத்தை எந்தெந்த நாடுகள் வைத்திருந்தனவோ, அங்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைக்கும்படி மாணவர்களிடம் சொன்னேன். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம், தைவான், தென்கொரியா, ஈரான், சவூதி அரேபியா, ஜோர்டான், துருக்கி, கிரீஸ், நார்வே, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின், மொரோக்கோ, எத்தியோப்பியா, கென்யா, பிரேசில், சிலி, மெக்சிகோ என்று பொட்டுகள் பெருகிக்கொண்டே போயின. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் விமானப்படைகள் இதை ஓட்டியிருக்கின்றன. "ஒரே விமானத்தை ஏன் சார் இத்தனை நாடுகள் வாங்கின?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நேயர்களே, 1950-களில் போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகவும், கனமாகவும், விலை மிகுந்தனவாகவும் ஆகிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலிருந்த நார்த்ரொப் என்னும் நிறுவனம் அதற்கு எதிர்வழியில் யோசித்தது. சிறியதாக, எளியதாக, பழுது பார்க்கச் சுலபமானதாக ஒரு விமானம் செய்தால் என்ன? அந்த யோசனைக்கு வாய்ப்பாக ஒரு சின்ன இயந்திரம் கிடைத்தது. ஜே-85 என்பது அதன் பெயர். எதிரியின் ரேடாரை ஏமாற்றுவதற்காக வானில் ஏவப்படும் ஓர் ஆளில்லாப் போலிக் கருவிக்காக முதலில் செய்யப்பட்ட இயந்திரம் அது. உருவத்தில் சிறிது, இழுக்கும் வலிமையோ பெரிது. அப்படிப்பட்ட இரண்டு இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி விமானத்தைக் கட்டினார்கள். 1959-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது முதன்முதலாகப் பறந்தது.

இந்த விமானத்தின் வால் பகுதியைக் கழற்றிவிட்டால் இயந்திரத்தை வெளியே இழுத்துவிடலாம். டைகர் வகையின் இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 300 கிலோகிராம் எடைதான். நம் தோட்டத்து டிராக்டரைக் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். கை போகாத இடத்தில் ஆணி வைத்துச் செய்த வண்டியைப் பழுது பார்ப்பது எவ்வளவு தொல்லை!

அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்கு உதவியாகக் கொடுப்பதற்கு 1962-இல் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. வல்லரசுகள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்ற காலம் அது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளும் சிறிய நாடுகளும் பெரிய விமானங்களை வாங்க முடியாமல் இருந்தன. அவற்றுக்கு இது பொருத்தமாக அமைந்தது. பிறகு 1972-இல் மேலும் வலிமையான டைகர் வகை பறந்தது. உரிமம் பெற்று வேறு நாடுகளில் கட்டியவற்றையும் சேர்த்து, 2,600 அளவில் இந்த விமானங்கள் செய்யப்பட்டன. இத்தனை நாடுகள் ஏன் வாங்கின என்பதற்கு இதுவே விடை. விலை தாங்கக்கூடியது, வேலை சுலபமானது.

ஆனால், "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள் அல்லவா? வாங்கியவர் எல்லாரும் ஒரே மாதிரி வாழ்ந்துவிடவில்லை. சில நாடுகளின் கதையைக் கேளுங்கள்.

முதலில் வியட்நாம். தென்வியட்நாம் படையிடம் இந்த விமானங்கள் நிறைய இருந்தன. 1972-இல் அமெரிக்கா அவசரமாக இன்னும் விமானங்கள் கொடுக்க விரும்பியபோது, ஈரானிடமும் தென்கொரியாவிடமும் தைவானிடமும் இருந்த எஃப்-5 விமானங்களை வாங்கி அங்கே அனுப்பியது. எல்லாரிடமும் ஒரே வண்டி இருந்தால் இப்படி ஒரு வசதி! 1975 ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. பல டசன் எஃப்-5 விமானங்கள் வெற்றி பெற்றவர்களின் கையில் சிக்கின. அவர்களும் சில ஆண்டுகள் அவற்றை ஓட்டினார்கள், கம்போடியப் போரிலும் பயன்படுத்தினார்கள். பிறகு என்ன ஆயிற்று? உதிரிப் பாகம் தீர்ந்தது. விற்ற நாடு பாகம் கொடுக்க மறுத்தது. புலி கொட்டகையில் படுத்துவிட்டது.

அடுத்தது ஈரான். மன்னர் ஆட்சியில் 1965 முதல் அந்நாடு இந்த விமானத்தை வாங்கியது. 1979-இல் புரட்சி வந்தது, அமெரிக்காவோடு உறவு அறுந்தது. மறு ஆண்டே ஈராக்கோடு போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் நீடித்தது அந்தப் போர். கையில் விமானம் உண்டு, கடையில் பாகம் இல்லை! ஒரு விமானத்தைக் கழற்றி இன்னொன்றுக்கு உயிர் கொடுத்தார்கள். பாகங்களைத் தாங்களே செய்யப் பழகினார்கள். 2018-இல் 'கௌசர்' என்று ஒரு விமானத்தை அந்நாடு உலகுக்குக் காட்டியது. பார்த்தவர்கள், "இது அந்தப் பழைய எஃப்-5 அல்லவா!" என்றார்கள். ஆம், வடிவம் அதேதான். தடையில் அகப்பட்டவர்கள் பட்டறையில் கற்ற பாடம் அது.

தென்னமெரிக்காவுக்குப் போவோம். சிலி நாடு 1976-இல் இந்த விமானத்தைப் பெற்றது. அதே ஆண்டில் அங்கிருந்த இராணுவ ஆட்சியின் கொடுமைகளைக் காரணம் காட்டி அமெரிக்க நாடாளுமன்றம் ஆயுத விற்பனைக்குத் தடை விதித்தது. புதிய விமானமும் பாகத்துக்குக் காத்திருந்தது. பக்கத்திலுள்ள பிரேசில் வேறு விதம். 1982 ஜூன் மாதம், பால்க்லாந்து தீவுப் போரின்போது, வானில் எரிபொருள் நிரப்பும் குழாய் உடைந்துபோன ஒரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ரியோ டி ஜெனிரோ நகரை நோக்கி வந்தது. பிரேசிலின் எஃப்-5 விமானங்கள் எழுந்து போய் அதை இறங்கச் செய்தன. பிரேசிலுக்குச் சொந்தமாக விமானம் கட்டும் நிறுவனம் உண்டு. ஆகையால் 2000-களில் தன் பழைய புலிகளுக்குப் புதிய ரேடாரும் புதிய கருவிகளும் தன் மண்ணிலேயே பொருத்திக்கொண்டது.

இன்னொரு விந்தையையும் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து 110 எஃப்-5 விமானங்களை வாங்கியது. அங்கே போர் ஏதும் நடக்கவில்லை. மலையைக் குடைந்த குகைகளுக்குள்ளும் விமானங்களை வைத்து, கண்ணும் கருத்துமாகப் பேணினார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2000-களில், அமெரிக்கக் கடற்படையே அவற்றில் 44 விமானங்களைச் சுவிட்சர்லாந்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. எதற்குத் தெரியுமா? பயிற்சியின்போது எதிரி விமானமாக நடிப்பதற்கு! செய்து விற்றவனே வந்து திரும்ப வாங்கும்படி ஒரு பொருளைக் காப்பாற்றினார்கள் என்றால், பராமரிப்பு என்பது எத்தனை பெரிய கலை என்று எண்ணிப்பாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான இரண்டு நாடுகள். தைவான் இந்த விமானத்தை வாங்கியதோடு நிற்கவில்லை. உரிமம் பெற்றுத் தன் நாட்டிலேயே 308 விமானங்களைக் கட்டியது. அந்த அனுபவத்தோடு சொந்தப் போர் விமானம் ஒன்றை வடிவமைத்து 1989-இல் பறக்கவிட்டது. தென்கொரியாவும் 1982 முதல் 68 விமானங்களைத் தன் மண்ணில் கட்டியது. முதலில் வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிப் பூட்டிய வேலைதான். ஆனால் பூட்டிய கைகள் கற்றுக்கொண்டன. பின்னர் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் துணையோடு ஒலியை மிஞ்சும் பயிற்சி விமானத்தையே அந்நாடு உருவாக்கியது. அதன் வழியில் வந்ததுதான் எஃப்.ஏ.-50 என்னும் போர் விமானம். 2023-ஆம் ஆண்டு மே மாதம், லங்காவியில், மலேசியா அந்த விமானத்தில் பதினெட்டு வாங்கக் கையெழுத்திட்டது.

நேயர்களே, இதைச் சற்று நிறுத்தி நினைத்துப் பாருங்கள். 1975-இல் நாமும் எஃப்-5 வைத்திருந்தோம், கொரியாவும் வைத்திருந்தது. நம் வீரர்கள் அதைத் திறமையாகவே ஓட்டினார்கள். 1990-களில் மிக்-29, எஃப்-18 ஆகியவை வந்தபின் புலியின் வேலை குறைந்தது, பிறகு அது ஓய்வு பெற்றது. சிங்கப்பூரும் 1979 முதல் 2015 வரை வைத்திருந்து ஓய்வு கொடுத்தது. ஆனால், அன்று நம்மைப் போலவே வாங்கிய ஒரு நாடு, இன்று நமக்கு விற்கிறது. வாங்கிய நாளில் இருவர் கையிலும் இருந்தது ஒரே புலிதான். அதற்குப் பின்னால் பட்டறையில் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு.

போர் விமானம் உயிரைக் கொல்லும் கருவி. அதை வியந்து பாராட்டுவது என் நோக்கமன்று. ஆனால் அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் என் சித்தப்பா வேலை செய்தார். டிராக்டர் பழுதாகி, பாகம் பட்டணத்திலிருந்து வராமல் நாட்கணக்கில் நிற்கும். அப்போது அவர் சொல்வார்: "வண்டி வாங்கினவனுது இல்லடா. அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவனுதுதான்." அவர் உலகப் படத்தைப் பார்த்தவரல்லர். ஈரான் கதையும் வியட்நாம் கதையும் அவருக்குத் தெரியாது. என்றாலும் அந்த நாடுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றதை அவர் எண்ணெய்க் கையோடு நின்று சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் என்னுடைய பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். செம்பனை வெட்டுகிறவர். "பையனுக்குப் படிப்பு ஏறல சார். மூணாம் பாரம் முடிஞ்சதும் என்கூட வேலைக்கு வரட்டும்" என்றார். அந்தப் பையனை எனக்குத் தெரியும். புத்தகத்தைக் கண்டால் தூங்குவான். ஆனால் பள்ளியின் புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோனால், தோட்டக்காரர் தேடுவது அவனைத்தான். கழற்றிய திருகுகளை வரிசையாகத் தாளில் அடுக்கி வைத்து, அதே வரிசையில் பூட்டுவான். சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

அவரை உட்காரவைத்து, இன்று உங்களிடம் சொன்ன இதே கதையைச் சொன்னேன். "ஒரு விமானத்தில் ஏறுகிறவர் ஒருவர் அல்லது இருவர். அதைத் தரையிலே தயார் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையெழுத்துப் போடாமல் அது ஓர் அடிகூட நகராது. உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லாதீர்கள். அவனுக்கு ஏறும் படிப்பு வேறு. மூன்றாம் படிவம் முடித்தபின் தொழிற்கல்விக் கல்லூரியில் சேர மனுப் போடலாம். இயந்திரப் புத்தகத்தைப் படிக்க மலாயும் ஆங்கிலமும் வேண்டும், அளவு பார்க்கக் கணக்கு வேண்டும். அவற்றை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மனுப் பாரத்தை நானே நிரப்பித் தருகிறேன்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. "வீட்டுல கலந்து சொல்றேன், சார்" என்று எழுந்து போனார். இன்னும் பதில் வரவில்லை. இந்த நேரத்தில் அவரும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டு உங்களிடம் திட்டு வாங்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். அவன் திரும்பப் பூட்டுகிறானா என்று கவனியுங்கள். பூட்டிவிட்டால், மறுநாள் அவன் பள்ளி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.